தடைசெய்யப்பட்ட மருந்து

குடிநோயாளிகள் கூடி உட்கார்ந்து, ஒருவர் கதையை மற்றவர் கேட்டு, ஒருவருக்கொருவர் துணையாக நின்று குடியை விடும் முறைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1935-இல் தொடங்குவார்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் சந்தித்ததில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த ஆண்டு அது. சற்றுப் பின்னே போகிறவர்கள், 1840-இல் பால்டிமோர் மதுக்கடை ஒன்றில் ஆறு குடிகாரர்கள் உறுதிமொழி எடுத்துத் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கத்தைச் சொல்வார்கள். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1799-இல், அலெகெனி ஆற்றங்கரையில் செனகா இனத்துக் குடிகாரர் ஒருவர் தானும் விட்டு, தன் ஊரையும் விடவைத்த செய்தி அந்த வரிசையில் அரிதாகவே சேர்க்கப்படுகிறது. ஆவணம் இல்லாததால் விடுபட்டது என்று சொல்ல முடியாது; அந்த ஊரில் அப்போது தங்கியிருந்த குவேக்கர் கிறிஸ்தவர்கள் நாட்குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடி என்றதும் பொதுப்புத்தியில் எழுவது நோயாளியின் உருவம். வைத்தியரின் உருவம் எழுவதில்லை. சாராயம் அந்தச் சமூகங்களுக்கு வெளியிலிருந்து வந்தது, அதற்கான மருந்தை அவை தமக்குள்ளிருந்தே எடுத்தன, அமெரிக்க அரசோ நீண்ட காலம் அந்த மருந்தைக் குற்றமாக நடத்தியது என்பதே இங்கே நான் வைக்கும் வாதம். இன்று பூர்வகுடிகளுக்கென இயங்கும் மறுவாழ்வுச் சேவைகளின் குறைநிறைகளை அந்தத் தடைக்காலத்தை ஒதுக்கிவிட்டு எடைபோட முடியாது.

ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் மதுவே கிடையாது. தென்மேற்கின் பாலைப் பகுதிகளில் கள்ளிப்பழத்திலும் சோளத்திலும் புளிக்கவைத்த இலேசான பானங்கள் இருந்தன. தோஹோனோ ஓதாம் மக்கள் மழையை வரவேற்கும் சடங்கில் ஆண்டுக்கு ஒருமுறை அதைக் குடித்தார்கள். வடித்தெடுத்த சாராயத்தைக் கொண்டுவந்தது தோல் வணிகம். வேட்டைக்காரனுக்குத் துணியும் கெட்டிலும் கத்தியும் ஓரளவுக்குத்தான் தேவை. வாங்கிய கெட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டால் அடுத்த பருவத்தில் அவன் தோல் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. ரம்முக்கு அந்தச் சிக்கலே கிடையாது. குடித்ததும் தீர்ந்துவிடும், மறுபடி வேண்டும். இந்தக் கணக்கை வணிகர்கள் நன்றாகவே போட்டிருந்தார்கள். ஒப்பந்தம் பேச வந்த அதிகாரிகளும் அதே சரக்கைத்தான் நம்பினார்கள். 1753-இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் ஒப்பந்தம் பேசப் போன பெஞ்சமின் பிராங்க்ளின், பேச்சு முடிந்த பிறகே ரம் என்று சொல்லி, பேச வந்த பூர்வகுடிகளை அடக்கிவைத்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உழவர்களுக்கு இடம்விட இந்த மக்கள் அழிய வேண்டும் என்பது இறைவன் சித்தமானால் ரம்தான் அதற்கு விதித்த கருவியாக இருக்கக்கூடும் என்ற கருத்தையும் அங்கேயே சேர்த்திருக்கிறார். அறிவொளிக் காலத்தின் நகைச்சுவை இது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் சாராயத்தால் யாருக்கு நிலம் கிடைக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய மறுப்பு எழும்: எல்லோருக்கும்தான் சாராயம் விற்றார்கள், இவர்கள் மட்டும் ஏன் இப்படி வீழ்ந்தார்கள், இரத்தத்திலேயே ஏதோ குறை இருக்க வேண்டும் என்று. அந்தக் குறையை அறிவியல் தேடிப் பார்த்துவிட்டது. பூர்வகுடிகளுக்கே உரிய ‘குடி மரபணு’ எதுவும் அகப்படவில்லை. 1969-இல் மெக்ஆண்ட்ரூ, எட்ஜர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், போதையில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவன் சுற்றத்தாரிடம் கற்றுக்கொள்வது என்று உலகின் பல சமூகங்களை ஒப்பிட்டு எழுதினார்கள். எல்லைப்புற வணிகர்கள் குடித்துக் காட்டிய விதத்தைத்தான் பூர்வகுடிகள் முதலில் பார்த்தார்கள் என்பதையும் சுட்டினார்கள். அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. 2009 முதல் 2013 வரையிலான தேசியக் கணக்கெடுப்பில், கடந்த ஒரு மாதத்தில் குடிக்கவே இல்லை என்றவர்கள் பூர்வகுடிகளில் ஏறத்தாழ 60 சதவீதம், வெள்ளையரில் 43 சதவீதம். ஒரே அமர்வில் அளவுமீறிக் குடிப்பவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ 17 சதவீதம். இதைப் படித்துவிட்டுப் பிரச்சினையே இல்லை என்று துள்ளவும் கூடாது. 2001 முதல் 2005 வரை பூர்வகுடிகளின் சாவுகளில் 11.7 சதவீதம் மதுவோடு தொடர்புடையவை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. நாட்டின் பொது விகிதம் 3.3 சதவீதம். குடிக்காதவர்கள் கூடுதல், குடியால் சாகிறவர்களும் கூடுதல். இரண்டையும் சேர்த்து விளக்க இரத்தத்தால் ஆகாது. வறுமை, தொலைவில் இருக்கும் மருத்துவமனை, ஒளிந்து குடிக்க வைத்த சட்டம், கைக்கு எட்டாத சிகிச்சை எல்லாம் சேர்ந்த வரலாற்றால்தான் ஆகும்.

இனி 1799-க்கு வருவோம். செனகாக்கள் ஆறு தேசக் கூட்டமைப்பில் ஒரு தேசம். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷார் பக்கம் நின்று தோற்றவர்கள். 1797-இல் பிக் ட்ரீ ஒப்பந்தத்தில் மேற்கு நியூயார்க்கின் பெரும் நிலப்பரப்பை இழந்து, சிதறிக் கிடந்த சில துண்டுகளுக்குள் முடங்கினார்கள். தலைவர் கார்ன்பிளாண்டரின் ஊர் மட்டும் பென்சில்வேனியா எல்லைக்குள் இருந்தது. 1799 வசந்தத்தில் வேட்டைத் தோல்களைப் பிட்ஸ்பர்க்கில் விற்றவர்கள் விஸ்கியோடு ஊர் திரும்ப, வாரக்கணக்கில் ஊரே போதையில் கிடந்தது. கார்ன்பிளாண்டருக்குத் தாய் ஒன்றும் தந்தை வேறுமான சகோதரர் ஹேண்ட்சம் லேக், செனகா மொழியில் கனியோதையோ, அறுபதைத் தாண்டியவர், குடியால் உடைந்து நெடுநாளாகப் படுக்கையில் இருந்தார். ஜூன் மாதம் ஒருநாள் அவர் மயங்கி விழ, இறந்துவிட்டதாகவே வீட்டார் நினைத்தார்கள். எழுந்தவர், தூதர்கள் மூவர் தன்னிடம் வந்ததாகவும் விஸ்கியை விடச் சொன்னதாகவும் கூறினார். அடுத்தடுத்த காட்சிகளில் அது ஒரு முழு வாழ்க்கை ஒழுங்காக விரிந்தது. அடுத்த பதினாறு ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் அதைச் சொல்லி, 1815-இல் ஒனோண்டாகாவில் இறந்தார். அவர் சொன்னது ‘கைவியோ’ என்ற பெயரில் வாய்மொழியாகவே காக்கப்பட்டு, இன்றும் நீள்வீடுகள் எனப்படும் மரபு வழிபாட்டுக் கூடங்களில் நாள் கணக்கில் ஓதப்படுகிறது.

சொர்க்கக் காட்சி கண்டவர்கள் அந்தக் காலத்து அமெரிக்காவில் நிறையப் பேர். ஹேண்ட்சம் லேக்கைத் தனித்துக் காட்டுவது, காட்சியோடு அவர் நிறுத்திக்கொள்ளாததுதான். குடித்துச் செய்த தவறுகளை ஊர் முன்னால் ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினார். விட்டவன் மறுபடி விழாமலிருக்கப் பழைய அறுவடைச் சடங்குகளையும் கூட்டங்களையும் அதற்குள் இணைத்தார். வேட்டை நிலம் போன பிறகு வேலையற்றுப்போன ஆண்கள், பெண்களின் தொழிலாக இருந்த பயிர்த்தொழிலில் இறங்குவது இழுக்கல்ல என்றார். கணவன் மனைவி சண்டை, பிள்ளைகளை நடத்தும் விதம் எல்லாவற்றுக்கும் விதி சொன்னார். இன்றைய மறுவாழ்வு மையம் ‘மறுபடி வீழாமை’ என்று பாடம் எடுக்கும் அத்தனையும் அதில் உண்டு. சில ஆண்டுகளில் குடி வெகுவாகக் குறைந்துவிட்டதைக் குவேக்கர்கள் பதிவுசெய்தார்கள். குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1802 நவம்பரில் அவருக்குக் கடிதம் எழுதி மதுவிலக்குப் பணியைப் பாராட்டினார். அதே கடிதத்தில், நிலம் பறிபோவதாக ஹேண்ட்சம் லேக் சொன்ன முறையீட்டுக்கு, நிலத்தை விற்பதும் உரிமைதானே என்று பதில் சொல்லி நழுவினார். குடியை விடு, நிலத்தையும் விடு என்ற இந்த இரட்டை அறிவுரை அடுத்த நூறாண்டுக்கு வாஷிங்டனின் கொள்கையாக நீடித்தது.

ஹேண்ட்சம் லேக்கைப் புனிதராக்க வேண்டிய தேவை எனக்கில்லை. சூனியம் வைக்கிறார்கள் என்று ஆள் தேடியதும் அவர் பிரசாரத்தின் பகுதியே. அரசியல் எதிரியான ரெட் ஜாக்கெட்மீதே அந்தப் பழியைச் சுமத்தினார். குடிக்குக் காரணம் தேடும் சமூகம் எளிய பலியாடுகளைத் தேடிக்கொள்வதும் இந்த வரலாற்றில் உண்டு. அவர் தனி மனிதரும் அல்லர். 1772-லேயே மொஹீகன் இனத்துப் போதகர் சாம்சன் ஆக்கம், குடிபோதையில் கொலை செய்த ஒருவரின் தூக்குமேடை நாளில் குடிக்கு எதிராக ஆற்றிய உரை அச்சாகிப் பல பதிப்புகள் கண்டது. ஷானி இனத்துத் தென்ஸ்க்வாத்தாவா 1805-இல் குடியை விட்டுத் தீர்க்கதரிசியானார். இத்தனை பேர் இத்தனை இடங்களில் எழுந்ததை, இரத்தத்திலேயே குறை என்ற கதையால் விளக்கவே முடியாது.

பூர்வகுடிகளுக்கு மது விற்கக் கூடாது என்ற தடைச் சட்டத்தைக் கேட்டதே அவர்களின் தலைவர்கள்தானே, பிறகு அரசைக் குறைசொல்வது என்ன நியாயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1791-இல் அமெரிக்கப் படைக்குப் பூர்வகுடிகளிடம் கிடைத்த மிகப் பெரிய தோல்வியைக் கொடுத்த மயாமித் தலைவர் லிட்டில் டர்ட்டில், 1802 ஜனவரியில் ஜெஃபர்சனை நேரில் கண்டு, தம் மக்களிடையே சாராயம் விற்பதை நிறுத்தும்படி கேட்டார். அந்தக் கோரிக்கையை ஜெஃபர்சன் காங்கிரசுக்கு அனுப்பினார். மார்ச் 30-இல் நிறைவேறிய சட்டம் அதற்கான அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தது. லிட்டில் டர்ட்டில் கேட்டது விற்பவனுக்குக் கடிவாளம். 1832-இல் முழுத் தடையே வந்தும் அந்தக் கடிவாளம் இறுகவில்லை. மறு ஆண்டே மிசூரி ஆற்றின் மேற்பகுதியில் ஃபோர்ட் யூனியன் கோட்டையில், அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கென்னத் மெக்கென்சி, மேண்டன் இனத்தாரிடம் வாங்கிய சோளத்தைக் கொண்டு சாராயம் வடிக்கத் தொடங்கினார். கொண்டுவரத்தான் தடை, அங்கேயே காய்ச்சத் தடையில்லை என்பது வாதம். விஷயம் வெளிப்பட்டபோது, நண்பர் ஒருவருக்காக வைத்திருந்த பாத்திரம் என்று விளக்கம் வந்தது. கம்பெனியின் உரிமம் எப்படியோ தப்பியது.

விற்பவனைப் பிடிக்க முடியாத சட்டம் நூற்றாண்டு முடிவதற்குள் குடிப்பவனின் இனத்தைப் பிடித்துக்கொண்டது. 1892, 1897 சட்டங்கள், அரசின் பாதுகாப்பில் இருக்கும் பூர்வகுடி எங்கே இருந்தாலும் அவருக்கு மது விற்பதைக் குற்றமாக்கின. 1924-இல் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் குடியுரிமை வந்தது, தடை நீங்கவில்லை. 1933-இல் நாட்டின் பொது மதுவிலக்கு முடிந்தது, இவர்களுக்கு முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் படையில் மற்ற வீரர்களோடு பீர் குடித்தவர், ஊர் திரும்பியதும் மதுக்கடை வாசலில் நிறுத்தப்பட்டார். 1953-இல்தான் இந்தச் சட்டம் போனது. அதுவரை வாங்கியதை ஒளித்து, போலீஸ் வருவதற்குள் ஒரே மூச்சில் காலிசெய்யும் பழக்கத்தை இந்தத் தடையே ஊட்டி வளர்த்தது என்று ஆய்வாளர்கள் பலர் வாதிட்டிருக்கிறார்கள். அளவோடு, வீட்டில், உணவோடு குடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு தலைமுறைக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை.

மதுவைத் தடைசெய்த அதே கை குடியை மறக்கவைத்ததையும் தடைசெய்தது என்பதுதான் இந்த வரலாற்றில் மனம் ஒப்பாத பகுதி. 1883-இல் உள்துறை கொண்டுவந்த ‘இந்தியக் குற்றங்கள்’ விதித்தொகுப்பு, சூரிய நடனத்தையும் மரபு வைத்தியர்களின் சடங்குகளையும் குற்றமாக்கியது. மீறினால் ரேஷன் நிறுத்தம், சிறை. 1880-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் பிரதேசத்தில், ஸ்குவாக்சின் இனத்து ஜான் ஸ்லோகம் இறந்து மீண்டதாகச் சொல்லி, குடியையும் சூதையும் விடும்படி போதித்தார். அதிலிருந்து வளர்ந்த இந்தியன் ஷேக்கர் திருச்சபையில் சேர்ந்தவர்கள் குடியை விட்டார்கள். அரசின் முகவர் செய்த கைம்மாறு, அதன் தலைவர்களைப் பிடித்து அடைத்தது. ஓக்லஹோமாவில் பெயோட்டி என்ற சிறு கள்ளியை இரவு முழுதும் நீளும் வழிபாட்டில் உண்பவர்கள் சாராயத்தைத் தொடுவதில்லை என்ற ஒழுங்கை வைத்திருந்தார்கள். பூர்வகுடிகளிடையே சாராயத்தை ஒழிக்க நியமிக்கப்பட்ட சிறப்பு அதிகாரி வில்லியம் ஜான்சன் 1909-இல் டெக்ஸஸின் லாரெடோவுக்குப் போய், வணிகர்களிடமிருந்த பெயோட்டிச் சரக்கை வாங்கி அழித்தார். சாராய ஒழிப்பு நிதி சாராயத்தை விட்டவர்களின் வழிபாட்டை ஒழிக்கச் செலவானது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜேம்ஸ் மூனி சொன்ன யோசனையில், 1918-இல் பெயோட்டி வழிபாட்டினர் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபை என்று பதிவுசெய்துகொண்டார்கள். மூனிக்கு அதன் பிறகு ஓக்லஹோமா ஒதுக்கீட்டு நிலங்களில் ஆய்வு செய்ய அனுமதி மறுக்கப்பட்டது.

ஒரு போதையை விட இன்னொரு போதையா என்ற கேள்வி இங்கே எழாமல் இருக்காது. பெயோட்டியில் இருப்பது மாயத்தோற்றம் காட்டும் வேதிப்பொருள் என்பது உண்மையே. ஆனால் அது தினமும் தேடி உண்ணும் பொருளன்று. கசப்பும் குமட்டலும் தருவது. சடங்கில், பெரியவர்கள் நடத்த, குறிப்பிட்ட நாளில் மட்டும் உண்ணப்படுவது. 2005-இல் ஹார்வர்டு மருத்துவர் ஜான் ஹால்பர்ன் குழு நவஹோ மக்களிடையே நடத்தி வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலமாக அதை வழிபாட்டில் உண்பவர்களுக்கு நினைவாற்றலிலோ சிந்தனையிலோ குறை தென்படவில்லை. வழக்குமன்றத்துக்கு இந்தக் கேள்வி வந்தபோது நின்றவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. கிளாமத் இனத்து ஆல் ஸ்மித் குடிநோயாளியாக இருந்து மீண்டவர்; பூர்வகுடி மறுவாழ்வுத் திட்டங்களைக் கட்டுவதில் ஆண்டுகளைச் செலவிட்டவர். ஓரிகனில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருந்தபோது, வழிபாட்டில் பெயோட்டி உண்டதற்காக 1984-இல் வேலையிழந்தார். வேலையிழப்புப் படியும் மறுக்கப்பட்டது. 1990-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எல்லா மதத்தாரையும் அச்சுறுத்தியதால் கிளம்பிய எதிர்ப்பில், 1994-இல் காங்கிரஸ் பெயோட்டி வழிபாட்டுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஒரு மறுவாழ்வு மையமே தன் ஆலோசகரின் வழிபாட்டைக் குற்றமாகக் கண்டது என்பதைவிட, வெளியிலிருந்து வைத்த சேவைக்கும் உள்ளிருந்து வந்த மீட்சிக்கும் இருந்த தூரத்தைக் காட்டும் ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

பண்பாட்டு முறைகளுக்கு மருத்துவச் சான்று போதாது என்பது கடுமையான மறுப்பு; அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். சூடேற்றிய கற்களின் ஆவியில் அமர்ந்து வழிபடும் வேர்வைக் குடிலைப் பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேருக்கு மறுத்து ஒப்பிடும் சோதனைகள் அரிது. ஓபியாய்டு வலிநீக்கிகளுக்கு அடிமையான நோயாளிக்கு மெத்தடோனும் பியூப்ரினார்ஃபினும் உயிர் காப்பவை. சடங்கைக் காட்டி அவற்றை மறுப்பது கொலைக்குச் சமம். இருந்தாலும் சான்றின்மைக்கும் வரலாறு உண்டு. ஒரு நூற்றாண்டு குற்றமாக இருந்ததற்கு ஆய்வுக் கட்டுரை எங்கிருந்து வரும்? தடை தளர்ந்த இடங்களில் நடந்ததைப் பார்க்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அல்கலி லேக் என்ற செக்வெபெம் ஊரில், 1970-களின் தொடக்கத்தில் பெரியவர்களில் குடிக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1972-இல் ஃபிலிஸ் செல்சியும் அவர் கணவர் ஆண்டியும் குடியை விட்டார்கள். தலைவரான ஆண்டி, கள்ளச்சாராயம் விற்றவர்கள்மீது வழக்குப் போடவைத்தார். உதவித்தொகையைப் பணமாகத் தராமல் கடைச்சீட்டாகத் தந்தார். பிறகு வேர்வைக் குடில்களும் சடங்குகளும் திரும்பின. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஊரில் பெரும்பாலோர் குடியை விட்டிருந்தார்கள். ஒரே ஊரை வைத்துக் கொள்கை வகுக்கக் கூடாதுதான். ஆனால் அங்கே கடுமையும் இருந்தது, காவல்துறையும் இருந்தது, சடங்கும் இருந்தது. ஆணை மட்டும் ஊருக்குள்ளிருந்து வந்தது.

ஊருக்குள்ளிருந்து வரும் ஆணைக்கு எல்லைக்கு வெளியே செல்லுபடி இல்லை என்பதை நெப்ராஸ்காவின் ஒயிட்க்ளே காட்டியது. தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில் ஒக்லாலா லகோட்டா மக்கள் 1953-க்குப் பிறகும் பெரும்பாலும் தாமாகவே மதுவிலக்கைத் தொடர்ந்தவர்கள். சாராய வணிகரைத் தள்ளிவைக்க 1882-இல் எல்லைக்கு வெளியே ஐம்பது சதுர மைல் இடைநிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1904-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆணையால் அது போனது. அந்த இடத்தில் வளர்ந்த ஒயிட்க்ளேயில் குடியிருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பீர்க்கடைகள் நான்கு, விற்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் கேன். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017 ஏப்ரலில்தான் உரிமங்கள் நின்றன. லிட்டில் டர்ட்டில் கேட்டதன் ஒரு துண்டு 215 ஆண்டு கழித்துக் கிடைத்தது என்று சொல்லலாம்.

சிகிச்சைக்கு அரசு தந்த பணம் எப்போதுமே கிள்ளிக் கொடுத்ததுதான். 1955-இல் பொதுச் சுகாதாரத் துறைக்கு மாறிய இந்திய சுகாதாரச் சேவை, கூட்டாட்சிச் சிறையிலிருக்கும் கைதி ஒருவருக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே ஒரு பூர்வகுடிக்குச் செலவிடுகிறது என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 2003-இல் எழுதியது. இந்த நிலையில்தான் ஓபியாய்டு மாத்திரைகள் வந்தன. அவற்றைத் தடுக்காமல் பரவவிட்டதாக 2017-இல் செரோக்கி தேசம் மருந்து விநியோக நிறுவனங்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. பிற இனங்களும் தொடர்ந்தன. 2022 பிப்ரவரியில் மூன்று விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் பூர்வகுடி இனங்களுக்கு 59 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் மரபுச் சடங்குகளும் பண்பாட்டுச் சிகிச்சைகளும் எழுத்தில் இடம்பெற்றன. 2024 அக்டோபரில், கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ, ஓரிகன் மாநிலங்களில் மரபு வைத்தியர்களின் சேவைக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு பணம் தர மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. யார் வைத்தியர் என்று முடிவுசெய்யும் பொறுப்பு அந்தந்தப் பூர்வகுடிச் சுகாதார நிலையத்துக்கே விடப்பட்டது. பணத்தைத் தொடாமல் புகையிலையோ போர்வையோ மட்டும் காணிக்கையாகப் பெறும் வைத்தியர்கள் பல இனங்களில் உண்டு. அவர்கள் செய்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது, சடங்கின் எந்தப் பகுதியை அரசுக் கோப்பில் பதியலாம், எதைப் பதியக் கூடாது என்பது அந்த நிலையங்கள் தீர்க்க வேண்டியிருக்கும் அடுத்த வழக்கு.